தழும்புக்குச் சிலிக்கோன்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கோபாலபுரம் பீட்டர்ஸ் சாலையில் 2017-ல் 'ரைட்டர்ஸ் கஃபே' திறந்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள், தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்கள். ஹோட்டல் தொழிலதிபர் எம். மகாதேவனும், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் இப்படிப்பட்ட பெண்களுக்குத் துணைநிற்கும் பி.சி.வி.சி. அமைப்பும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. தீக்காயத்தில் நெருப்பு அணைந்த பிறகு வரும் துன்பம்தான் நீளமானது. புண் ஆறிய சில வாரங்களில் தோல் சிவந்து புடைக்கும். அரிப்பு தூங்கவிடாது. கழுத்தும் முழங்கையும் மெல்ல மெல்ல இறுகும். அந்த நேரத்தில்தான் யாராவது, "சிலிக்கோன் ஷீட் ஒட்டுங்க, ஆபரேஷனே வேண்டாம்" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயம்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய முறை இது. 2002-ல் வெளியான சர்வதேச மருத்துவர் குழுவின் பரிந்துரை, புடைத்த தழும்புக்கு முதலில் செய்ய வேண்டியவற்றில் சிலிக்கோனையும் சேர்த்தது. ஆனால், அதுவரை நடந்த ஆய்வுகளை 2013-ல் அலசிய காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, சான்றுகள் பலவீனமானவை என்று வெளிப்படையாகவே சொன்னது. பலன் கிடைக்கலாம், உத்தரவாதம் கிடையாது. யாராவது உத்தரவாதம் தந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

சிலிக்கோன் தோலுக்குள் இறங்கி எதையும் கரைப்பதில்லை. மேலே மூடிக்கொண்டு ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. மேல்தோல் வறளாமல் இருந்தால், அடியில் நார்ப்புரதம் அளவுக்கு மீறிச் சேர்வது மட்டுப்படுகிறது என்று கருதுகிறார்கள். அதனால்தான் அதற்கு நாள் பிடிக்கிறது. ஷீட் என்றால் ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம் விடாமல் ஒட்ட வேண்டும். ஜெல் என்றால் தினம் இரு வேளை மெல்லிய பூச்சு. தையல் பிரித்து, புண் முழுதாக மூடிய பிறகே தொடங்க வேண்டும். திறந்த புண்ணில் ஒட்டவே கூடாது.

நம் சென்னை வெயிலில் இதைக் கடைப்பிடிப்பது லேசான காரியம் இல்லை. ஷீட்டுக்கு அடியில் வியர்வை தேங்கினால் வேர்க்குருவும் தடிப்பும் நாற்றமும் வரும். முதல் சில நாள் நாலு மணி நேரம் மட்டும் ஒட்டிப் பழகுங்கள். தினமும் ஷீட்டையும் தோலையும் மிதமான சோப்பில் கழுவி, நன்றாக உலரவிட்டு மறுபடி ஒட்டுங்கள். தோல் சிவந்து எரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சிசேரியன் தழும்பு, பைக் சைலன்சர் சூடு, புதிதாகப் புடைக்கும் தீக்காயத் தழும்பு இவற்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். முகப்பருப் பள்ளத்துக்கு இது உதவாது. காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்ந்து, காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவுவது கீலாய்டு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது அதிகம். அதற்குச் சிலிக்கோன் மட்டும் போதாது, ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். மூட்டு மடங்கி இறுகிவிட்டதென்றால் ஷீட்டை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். அதற்கு வேண்டியவை பிசியோதெரபி, ஸ்பிளிண்ட், சில சமயம் அறுவை சிகிச்சை. 'ஆபரேஷனே வேண்டாம்' என்ற பேச்சு இங்கேதான் பெரிய கெடுதல் செய்கிறது.

இனி, வாங்குகிறவரின் உரிமை. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. அழகுசாதனப் பொருளாக விற்றுக்கொண்டே விளம்பரத்தில் மட்டும் 'சிகிச்சை' என்று பேசும் பொருளைத் தள்ளி வையுங்கள். அட்டையில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் முகவரியும் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவருக்கும் இதே விதிதான்.

'ஏழே நாளில் தழும்பு மாயம்' என்ற விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு நிறுவனத்துக்கும் அதில் நடித்த பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இழப்பீடு கேட்டு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில், அட்டை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு எடுத்த தழும்பின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்குச் சட்டம் இன்னும் வலுவானது. தனியார் மருத்துவமனையும் அவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். சீரமைப்பு அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவர்களைப் பெயர் சொல்லித் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்பட்ட பெண்ணை அந்தப் பட்டியல் அப்படிச் சேர்க்கவில்லை. அதே வலி, அதே தழும்பு. இந்த அநியாயத்தைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேச வேண்டும். அதுவரை இப்படித் தீக்காயம்பட்டவர்கள் கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போகலாம். அங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தெந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். வீட்டில் நடந்த கொடுமையால் வந்த காயமானால், 181 என்ற பெண்கள் உதவி எண் எந்த நேரமும் இயங்குகிறது.