போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று

சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வான்வழித் தூரம் சுமார் 1,370 கி.மீ. கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரம், சற்று முன்னே பின்னே. அந்த முன்னே பின்னேவைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. ஆனி, ஆடியில் போகும்போது அதிக நேரம் பிடிக்கும். திரும்பும்போது சீக்கிரமே சென்னை வந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையருகே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஆனால் மிக உயரத்தில் அதற்கு நேர் எதிர். கோடையில் திபெத் பீடபூமி சூடேறி, அதற்கு மேலே காற்றழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து தெற்கே பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்பிவிட, தென்னிந்தியாவின் தலைக்கு மேல் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்தக் கிழக்கு ஜெட் காற்றை 1958-இல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். காற்றின் உச்ச வேகம் 14, 15 கி.மீ. உயரத்தில். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், அந்தக் காற்றின் கீழ் விளிம்பு மட்டுமே விமானத்தின் மேல் படும். அதுவே போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க 99 நிமிடம். 80 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் கடலுக்கு மேல் விமானம் நகரும் வேகம் 750 ஆகிவிடும். 110 நிமிடம் ஆகும். திரும்பும்போது 910, 90 நிமிடம். கிட்டத்தட்ட 20 நிமிட வித்தியாசம்! இத்துடன் ஓடுபாதையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் போடும் நேரம். போகும்போது இழந்தது வரும்போது முழுதாகக் கிடைக்காது என்பதையும் கவனியுங்கள். எதிர்க்காற்றில் நாம் கூடுதல் நேரம் இருக்கிறோம். அதனால் போக வரக் கூட்டினால் எப்போதும் சற்று நஷ்டம்தான்.

விமானிக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. வங்கக் கடலின் நடுவே ஏதாவது கோளாறு என்றால் முன்னே போவதா, திரும்புவதா? இரண்டுக்கும் ஒரே நேரம் ஆகும் இடம் பாதித் தூரமான 685-வது கிலோமீட்டரில் இல்லை. மேலே சொன்ன காற்றில் அது சென்னையிலிருந்து சுமார் 750 கி.மீ. தள்ளிப் போய்விடுகிறது. அதுவரை சென்னைக்குத் திரும்புவதே சீக்கிரம்.

இந்தக் காற்றை அளப்பதில் ஒரு பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது. அதிகாலை 5.30 மணிக் கணக்குக்காக மீனம்பாக்கத்திலும் போர்ட் பிளேரிலும் வாயு நிரப்பிய பலூனை விடுகிறார்கள். அடியில் தொங்கும் சிறு கருவி வெப்பம், ஈரப்பதம், அழுத்தத்தை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே ஏறும். பலூன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகிறது என்பதிலிருந்து உயரம் வாரியாகக் காற்று தெரிந்துவிடும். உலகெங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பறக்கும் பலூன்களின் அளவுகள், செயற்கைக்கோள், விமானத் தரவுகளோடு கணினிக்குப் போய், அன்றைய பயணத் திட்டத்தில் காற்று எண்களாக விமானியின் கைக்கு வருகின்றன.

அந்தத் திட்டத்தில் தீவுக்கே உரிய ஒரு சுமையும் உண்டு. பெருநகரம் என்றால் பக்கத்து ஊரில் இறங்கலாம். போர்ட் பிளேரில் மழை ஓடுபாதையை மறைத்தால் சென்னை, கொல்கத்தா போன்ற தொலைவான ஊருக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். அந்த நெடுந்தூரத்துக்கும் சேர்த்தே எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறார்கள்.