ரெஃப்ரெஷ் பொத்தானும் பழைய விலையும்

ஒரே இணைய இணைப்பில் கல்லா, குடோன், கணக்கு எழுதுமிடம் என மூன்று நான்கு கணிப்பொறிகளை ஓட்டும் கடைகள் மத்தூர் போன்ற ஊர்களிலும் உண்டு. இணைப்பின் சுமையைக் குறைக்க 'பிராக்ஸி' என்னும் இடைக் கணிப்பொறியை வைக்க எண்ணும் வணிகப் பெருமக்கள் அதிலுள்ள ஒரு நுணுக்கத்தை அறிந்திருப்பது நல்லது.

பிராக்ஸி என்பது நம் குடோன் மாதிரி. ஒருவர் கேட்ட பக்கத்தை வெளியிலிருந்து ஒருமுறை வரவழைத்து, நகலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது இருப்பிலிருந்தே கொடுக்கும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியே பக்கம் ஊர்ந்துதான் வந்தது. அத்தகைய இணைப்புக்கு இந்தச் சேமிப்பு பெரிய உதவி. 1996-இல் வெளிவந்த 'ஸ்குவிட்' என்னும் இலவச மென்பொருள் இன்றும் இவ்வேலையைச் செய்கிறது.

சிக்கல் 'ரெஃப்ரெஷ்' பொத்தானில் இருக்கிறது. சும்மா அழுத்தினால் "சரிபார்த்துக் கொடு" என்றும், கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால் "இருப்பு வேண்டாம், புதிதாக வரவழை" என்றும் பிரவுசர் கேட்கும். நாலு பேர் அப்படி அழுத்தினால் நாலு லோடு. குடோன் இருந்தும் பயனில்லை.

ஸ்குவிட்டில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது 'இக்னோர்-ரீலோட்'. "புதிதாக வரவழை" என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பையே எடுத்துக் கொடுக்கும். இரண்டாவது 'ரீலோட்-இன்டு-ஐ.எம்.எஸ்.'. மொத்த வியாபாரிக்கு ஃபோன் போட்டு, "இன்ன தேதிக்குப் பிறகு சரக்கு மாறியதா?" என்று கேட்பது போன்றது இது. மாறவில்லை என்றால் '304' என்ற சிறு பதில் மட்டும் வரும், இருப்பிலுள்ளதே போகும். மாறியிருந்தால் புதியது முழுதாக வந்துவிடும். இரண்டுமே இணைய விதிமுறையை மீறுபவை என்றாலும், இரண்டாவதில் ஆபத்து குறைவு.

ஏனென்றால் தக்காளி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ராயக்கோட்டை நிலவரம் பார்த்து பெங்களூருக்கு லோடு ஏற்றுபவர் பழைய நகலை நம்பினால் நஷ்டம் அவருக்குத்தான். காலாவதி நேரம் குறிக்காத பக்கங்களுக்கு ஸ்குவிட்டோடு வரும் பொது விதியையும் கவனியுங்கள். ஒரு பக்கம் மாறி 10 மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டால், அதில் 20 சதவீதமான 2 மணி நேரம் வரை அதைப் புதிதென்றே கொள்ளும். உச்ச வரம்பு 4320 நிமிடம், அதாவது 3 நாள். விலைப் பக்கத்துக்கு 2 மணி நேரமே அதிகம். அத்தகைய தளங்களைச் சேமிக்கவே வேண்டாம் என்று தனி வரி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வங்கி, ஜி.எஸ்.டி. உள்ளிட்ட பெரும்பாலான தளங்கள் இன்று 'எச்.டி.டி.பி.எஸ்.' பூட்டோடு வருகின்றன. முத்திரையிட்ட மூட்டை போல அவை பிராக்ஸி வழியே கடந்து போகும், நகல் தங்காது. முத்திரையை உடைத்துப் பார்க்கும் அமைப்பும் உண்டு. பணம் புழங்கும் கணிப்பொறியில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஆகவே, பூட்டில்லாத பக்கங்களும் சில மென்பொருள் கோப்புகளும்தான் இன்று பிராக்ஸியில் சேமிக்கக் கிடைப்பவை. நம் கடையில் அவை எவ்வளவு என்று பார்த்த பிறகே பணத்தை இறக்குவோம்.