மாலை ஐந்து மணிக்கு நின்றவர்கள்

(வானொலி மறையுரை: மத்தேயு 20:1-16)



இன்று நாம் கேட்ட நற்செய்தியில் நிலக்கிழார் ஒருவர் வேலையாள்களைத் தேடி ஐந்து முறை சந்தைவெளிக்கு வருகிறார். விடியற்காலையில் ஒருமுறை, ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கு. வழக்கமாக நாம் இந்த உவமையின் முடிவைத்தான் பேசுவோம். எல்லாருக்கும் ஒரே தெனாரியம் கிடைத்ததையும், முதலில் வந்தவர்கள் முணுமுணுத்ததையும் பேசுவோம். இன்று நடுவில் உள்ள சிறிய உரையாடலில் கொஞ்சம் நிற்போம். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று நாமே முன்பு பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் சோம்பேறியாக இருந்தால் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் ஏன் நிற்கவேண்டும்? எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பான்.

கூப்பிட ஆள் இல்லாமல் நிற்பது மண்டபத்துக்குப் புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிமக்களை, நோய்த் தடுப்புக்காக இந்த மண்டபம் முகாமில்தான் தங்கவைத்துக் கடல் கடத்தினார்கள். வேலை என்றால் அது கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று நம் முன்னோர் பழகிப்போனார்கள். இன்று தோட்டம் மாறியிருக்கிறது. திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று நம் பிள்ளைகள் போகிறார்கள். ஊரில் தங்கிவிட்ட பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கூப்பிடும் குரல் எங்கிருந்து வரும்?

ஒரு குரல் கடலுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. பாசியைப் பற்றித்தான் சொல்கிறோம். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவோரப் பாறைகளில் முங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வந்தவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் வருகிறது. மருந்துக்கும் உணவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அது போகிறது. 1986இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. அது தேவையான அறிவிப்புத்தான். பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே அந்த 21இல் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அதுவும் ஒரு காலத்தில் பலருக்குச் சோறு போட்ட வேலைதான் என்பதை மறக்கவேண்டாம். கடலைத் தின்கிற வேலை கடைசியில் வேலையையும் தின்றுவிடுகிறது.

ஆனால் வேலி போட்டபோது, உள்ளே பாசி எடுத்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்தார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவியால் பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத மீனவப் பெண்கள் தீட்டிய திட்டம் அது. திட்டமிடுதல் என்றால் சென்னையில் குளிரூட்டிய அறையில் நடப்பது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது வளர்ப்புப் பாசி. கப்பாபைகஸ் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதால் நம் கரையில் இன்றும் ‘பெப்சிப் பாசி’ என்றால்தான் தெரியும். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, விதைப்பாசியை முடிந்து கடலில் விடுகிறார்கள். 45 நாளில் அறுவடை. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்றாக அறுத்து, மறுபடி கட்டலாம். மண் வேண்டாம், உரம் வேண்டாம், நம் மாவட்டத்தில் எப்போதும் தட்டுப்பாடாக இருக்கும் நல்ல தண்ணீரும் வேண்டாம். பருவநிலைக்குக் கேடில்லாத வேலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஐஸ்கிரீம், பற்பசை ஆகியவற்றில் சேரும் கராஜீனன் இதிலிருந்துதான் வருகிறது. பாசியைப் பிழிந்தெடுக்கும் சாறு பயிர்களுக்குத் தெளிக்க ஆகிறது.

பிறகு என்ன குறை? இரண்டு உண்டு. 2012 வரை ஏறிக்கொண்டே போன விளைச்சல், அதற்கடுத்த ஆண்டுகளில் கடல் சூடேறியதால் பாசி செத்து, சரேலென்று விழுந்தது. பருவநிலை மாற்றத்துக்கு மருந்தாக வந்த தொழிலையே அந்த மாற்றம் முதலில் அடித்தது. இரண்டாவது, இந்தப் பாசி நம் கடலுக்கு அந்நியமானது. 2008இல் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளப்பாறைகள் மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆகவே எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்பதைத் தனி ஆளோ ஒரு கம்பெனியோ முடிவுசெய்ய முடியாது. வடகடலையும் தென்கடலையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கண் வேண்டும். மிதவை கட்டிய இடத்தில் நாட்டுப்படகு எப்படிக் கரை சேரும், கரைவலை எங்கே இழுப்பது, மீன் எங்கே முட்டையிடும் என்று எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ‘வட்டாரத் திட்டம்’ என்ற பெரிய சொல்லுக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 செப்டம்பரில் நம் மாவட்டத்து வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் மிதவைக்குப் பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம் உண்டு. விதைப்பாசி, பதப்படுத்தும் கூடம், ஆய்வு எல்லாம் ஓரிடத்தில் வருவது நல்லது. நம் கேள்வி வேறு. காய்ந்த பாசியைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டு வரும் பெண்ணுக்கு அதற்கப்புறம் நடக்கும் வேலையில் பங்கு உண்டா? லாபம் பெரும்பாலும் பதப்படுத்தும் இடத்தில்தான் சேர்கிறது. விலையை வாங்குபவரே சொல்லும்வரை, மானியத்தில் கிடைத்த மிதவையும் கூலிக்கு ஓட்டும் வண்டிதான்.

இதே மாவட்டத்தில் கமுதியைப் பாருங்கள். 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், 2,500 ஏக்கர். 2016இல் எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். அந்த நேரம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருந்தது. இன்று பலகைகளைத் துடைப்பது இயந்திர மனிதர்கள். சூரிய மின்சாரம் தேவை, அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. என்றாலும் நிலக்கரியின் புகை நின்றதாலேயே ஏழையின் அடுப்பில் புகை வந்துவிடாது என்பதைக் கமுதி நமக்குச் சொல்கிறது. காற்றுக்கும் நல்லது, ஆளுக்கும் வேலை என்று இரண்டையும் தொடக்கத்திலேயே சேர்த்து எழுதவில்லையென்றால் பிறகு தானாகச் சேராது.

உலகம் இதை ‘நீதியான மாற்றம்’ என்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கான வழிகாட்டுதலை 2015இல் வெளியிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலும் இது இடம்பெற்றது. அதே ஆண்டில்தான் திருத்தந்தை பிரான்சிஸ், ‘இறைவா, உமக்கே புகழ்’ திருமடலில் பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். உதவித்தொகை கொடுப்பது தற்காலிகமானதே, மனிதர் தம் உழைப்பால் மாண்போடு வாழ வழிசெய்வதே நோக்கமாக இருக்கவேண்டும் என்றும் அதில் எழுதினார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதர் வேலைக்காக உண்டானவரல்ல, வேலையே மனிதருக்காக உண்டானது என்று கற்பித்தது நமக்குத் தெரியும்.

திருஅவையின் பெயரைச் சொல்லிவிட்டு நம் தவற்றை மறைக்கக்கூடாது. தீவுக்குப் போகமுடியாத பெண்களுக்குப் பங்குகளில் நாம் என்ன செய்தோம்? தையல் இயந்திரம் கொடுத்தோம், புகைப்படம் எடுத்தோம். ஓராண்டில் பாதி இயந்திரங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டன. ஒரு பாட்டி நம்மிடம் சொன்னார்: “சாமி, எனக்குக் கடல் தெரியும். ஊசி தெரியாது. எனக்குத் தெரிஞ்சத வச்சு ஒரு வேல சொல்லுங்க.” நிலக்கிழாருக்குத் தெரிந்த அந்த விவரம் நமக்குத் தெரியாமல் போயிற்று. அவர் கூப்பிட்டது அவர்களால் செய்யமுடிந்த வேலைக்கு. கொடுத்தது ஒரு நாள் பசிக்குத் தேவையான முழுக் கூலி.

தமிழ்நாட்டில் இப்போது மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கான திட்டம் அங்கே எழுதப்படும்போது மேசையில் வனத்துறை இருக்கும், மீன்வளத்துறை இருக்கும், மண்டபத்திலேயே 1940களிலிருந்து வேலை செய்யும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவும் இருக்கும். பாசி எடுக்கும் பெண்கள் இருப்பார்களா என்பதை நாம்தான் பார்க்கவேண்டும். தங்கச்சிமடம், வேதாளை போன்ற ஊராட்சிகளில் அக்டோபர் 2ஆம் நாளும் நவம்பர் 1ஆம் நாளும் கிராம சபை கூடும். ஊராட்சியில் இருக்கும் நேயர்கள் அன்று போய் உட்காருங்கள். நம் கரையில் எத்தனை மிதவைக்கு இடம், யார் பெயரில் அனுமதி, சூட்டில் பாசி செத்தால் இழப்பீடு யார் தருவார், பதப்படுத்தும் கூடத்தில் எத்தனை வேலை நம் ஊர்ப் பெண்களுக்கு என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். எழுதத் தெரியாத அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை கூடப் போகட்டும்.