குப்பைக்குப் போகும் சோறு – 9
பரங்கிக்காயைக் கத்தி தொடுவதற்கு முன்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பரங்கிக்காய் இல்லாத வாசற்படியைப் பார்ப்பது அரிது. சூப்பர் மார்க்கெட் வாசலில் பெரிய அட்டைத் தொட்டிகளில் குவித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்கே போய், வயலில் கிடப்பதில் உருண்டையானதாகப் பார்த்து எடுத்து வருகிறவர்களும் உண்டு. 31-ம் தேதி ஹாலோவீன்; பரங்கியைக் குடைந்து பேய்முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கும் நாள். நவம்பர் முதல் வாரத்தில் அதே காய்கள் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் கிடக்கும்.

போன வாரம் பார்த்த ரொட்டி, மிஞ்சிப்போனதால் வீணானது. பரங்கியின் கதை வேறு. இதில் பெரும்பகுதியைத் தின்பதற்கென்று யாரும் வாங்குவதே இல்லை.

வாங்கினாலும் தின்பது கஷ்டம்தான். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் 1960-களில் பொறுக்கியெடுத்துப் பெருக்கிய ரகம்தான் ஹாலோவீன் பரங்கிக்கே இலக்கணமாகிவிட்டது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், பிடித்துத் தூக்கத் தோதான தடித்த காம்பு. சதையோ நீர்த்து, நார் நாராக இருக்கும். சாம்பாரில் போட்டால் துண்டும் நிற்காது, ருசியும் சேராது. நவம்பர் கடைசியில் வரும் ‘தேங்க்ஸ்கிவிங்’ விருந்துக்கு அமெரிக்கர்கள் ‘பை’ (pie) என்ற பண்டம் செய்வது பெரும்பாலும் டப்பாவில் வரும் பரங்கி விழுதில். இல்லினாய் மாநிலத்து மார்ட்டன் என்ற சிற்றூரில் நெஸ்லேயின் லிப்பீஸ் ஆலை டப்பாவில் அடைப்பது டிக்கின்சன் என்ற வேறு வகை. வெளிறிய தோல், கெட்டிச் சதை, பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. நம் சந்தையில் கீற்று போட்டு விற்கிற பரங்கியின் இனம் அதுதான். பார்க்க ஒரு காய், தின்ன ஒரு காய் என்று இரண்டுக்கும் நிலம், தண்ணீர், டீசல் எல்லாம் செலவாகின்றன.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் பேய்முகம் செய்தார்கள். 19-ம் நூற்றாண்டில் பிழைப்பு தேடி அமெரிக்கா போனவர்களுக்கு, குடையச் சுலபமான பரங்கி கிடைத்தது.

செதுக்கும் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காம்பைச் சுற்றி வட்டமாக அறுத்து மூடியைத் தூக்குவார்கள். கரண்டியை உள்ளே விட்டு விதையையும் நாரையும் வழித்தெடுப்பார்கள். விளக்கொளி வெளியே தெரிய வேண்டுமே, அதனால் முகம் வரும் பக்கத்தில் சதையையும் சுரண்டி மெலிதாக்குவார்கள். பிறகு கண், மூக்கு, பல். உள்ளே ஒரு மெழுகுவர்த்தி. சில நாள்களிலேயே வாய் உள்பக்கமாகச் சுருளும், மூடியின் விளிம்பில் பூஞ்சை பிடிக்கும், அணில் வந்து கடித்துவிட்டுப் போகும். அழுகலைத் தள்ளிப்போட பிளீச்சில் முக்குகிறவர்கள் உண்டு, வாசலைன் தடவுகிறவர்களும் உண்டு. அதற்கப்புறம் அது மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

பரங்கியில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். குப்பைமேட்டில் காற்றுப்படாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

தடுக்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லினாயில் ‘ஸ்கார்ஸ்’ என்ற அமைப்பு, ஹாலோவீன் முடிந்த சனிக்கிழமை ஊராரைக் கூட்டி, பரங்கிகளைத் தொட்டிக்குள் வீசி உடைக்கவைத்து, உரக்கிடங்குக்கு அனுப்புகிறது. போர்ட்லண்டில் உள்ள ஓரிகன் விலங்குக்காட்சி சாலையில் ராட்சதப் பரங்கிகள் யானைகளுக்குப் போகின்றன. யானை முன்னங்காலை மேலே வைத்து, அவசரப்படாமல் அழுத்தும். காய் பிளந்ததும் தும்பிக்கை வேலையைத் தொடங்கும். பிரிட்டனில் ‘ஹப்பப்’ என்ற அமைப்பு 2014-ல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய இயக்கம், செதுக்கும்போது வெளிவரும் சதையை சூப்பாகவாவது ஆக்குங்கள் என்று சொல்லிவருகிறது. ‘அணில் தின்னட்டும்’ என்று காட்டில் கொண்டுபோய்ப் போடுவது மட்டும் புண்ணியமில்லை. முள்ளெலிகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது என்று அங்குள்ள வன அமைப்புகள் எச்சரிக்கின்றன.

இவையெல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனால் பெரும்பாலும் கத்தி பட்ட பிறகு செய்கிற வைத்தியம். கெட்டித்தனத்தைக் கடையிலேயே காட்டிவிடலாம் என்பது என் கட்சி. சிண்டரெல்லா, ஜாரடேல், லாங் ஐலண்ட் சீஸ் என்று பார்வைக்கும் அழகாய், வாய்க்கும் ருசியாய் இருக்கும் ரகங்கள் அமெரிக்கச் சந்தைகளிலேயே கிடைக்கின்றன. செதுக்காமல் முழுசாக வையுங்கள். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் இரண்டு மூன்று மாதம் கெடாது; உறைபனி மட்டும் படக்கூடாது. அக்டோபரில் அலங்காரம், டிசம்பரில் கூட்டு.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. மேசை அலங்காரத்துக்கென விற்கும், கையளவேயான வரியோடிய, மருமருவான காய்களைச் சமைக்கவே கூடாது. குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு அவற்றில் இருக்கக்கூடும், வேகவைத்தாலும் போகாது. சுரைக்காயை ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உலையில் போடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல.

(ஆயுத பூஜை முடிந்ததும் நடுரோட்டில் பூசணி உடைத்து, மறுநாள் அதில் வண்டி வழுக்கி விழுகிற நாம் அமெரிக்கர்களுக்கு அதிகம் புத்தி சொல்ல முடியாது. அது தனி அத்தியாயம்.)

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் பேய்முகம் கேட்டு அடம்பிடித்தால் ஒன்றே ஒன்று செதுக்குங்கள், அதுவும் கடைசி நாளில். விதையை அன்றைக்கே கழுவிக் காயவைத்து, உப்புப் போட்டு வறுத்துவிடுங்கள். பெயின்ட், மினுமினுப்புத்தூள் வேண்டாம். மறுநாள் மெழுகை எடுத்துவிட்டு மட்கும் குப்பையில் சேருங்கள். கலிபோர்னியாவில் 2022 முதல் உணவுக்கழிவைத் தனியாகச் சேகரிப்பது சட்டம். மற்ற ஊர்க்காரர்கள் நகராட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

(தொடரும்)