தூத்துக்குடியும் சுதேசி மின்சாரமும்

கடலின் குணத்தைத் தூத்துக்குடி வாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முத்துப் பார்களை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் அது. 1961ஆம் வருஷத்தோடு முத்துக்குளிப்பு நின்றுபோனதைக் கண்ணால் கண்ட முதியோர் இன்றும் அங்கே இருக்கின்றனர். கடல் கொடுப்பதை நிறுத்திவிட்டால் அதை அதட்டிக் கேட்க எந்தச் சர்க்காராலும் முடியாதென்பதை அவர்கள் அறிவார்கள். இப்பொழுதோ கடல், முன் கொடுத்ததையும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது.

ஊருக்கு எதிரே கடலிலுள்ள வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புள்ளதாயிருந்தது. 2014இல் ஏறக்குறைய 2 ஹெக்டேராகக் குறுகிவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் நீருக்குள் மறைந்துவிட்டன. கடல்மட்டம் உயர்ந்ததே இதற்கு முழுக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப் பாறைகளை நம்மவர்களே பல்லாண்டு வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற மதிலை இடித்தவர்கள் நாம். எஞ்சிய மதிலைக் கடலின் சூடு அழிக்கிறது. 2010இலும் 2016இலும் நீர் அளவு மீறிச் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தடுக்க முயன்றிருக்கிறார்கள். அது நல்ல காரியமே. ஆயினும் வீட்டைச் சுற்றி வரப்புப் போடுவதால் வெள்ளத்தின் காரணம் தீர்ந்துவிடாது.

வெள்ளம் என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தூத்துக்குடி நகரத்தின் தெருக்கள் பல நாள் நீரில் கிடந்தன. ஒரு மழையை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்கையின் விதி. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகத்தைச் சூடேற்றுவோமானால், பெய்யும் மழை முன்னிலும் கடுமையாகவே பெய்யும்.

அந்த நிலக்கரி தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து இறங்குகிறது. 1979 தொடங்கி நிறுவப்பட்ட அனல் மின் நிலையத்தின் ஐந்து இயந்திரங்களும், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் வீதம், நிலக்கரிக்காகவே அமைந்தவை. அதே ஊரில் வேறொரு செல்வமும் உண்டு. 1986இல் இந்தியாவில் முதன்முதலாகக் காற்றாலைத் தொகுதிகள் அமைக்கப்பட்ட இடங்களுள் தூத்துக்குடி ஒன்று. கயத்தாற்றுப் பக்கம் போவோர் இன்று காற்றாலைகளை வரிசை வரிசையாகக் காணலாம். வெயிலைப் பற்றியோ கேட்க வேண்டாம்; உப்பு விளைவதே அதனால்தான். எனினும் அக்காற்றாலைகளில் ஊராருக்கு உடைமையானவை எத்தனை? காற்று அவர்கள் தலைக்குமேல் வீசுகிறது. அதன் பயன் அவர்கள் கைக்கு வருவதில்லை.

பஞ்சாயத்தாரால் இது ஆகுமா என்று கேட்போருக்கு, மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை விடை சொல்லும். தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஆகும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்ட அவ்வூர்ப் பஞ்சாயத்து, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவிற்று. செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் பஞ்சாயத்தின் சேமிப்பு; மீதி வங்கிக் கடன். தம் ஊரில் போதிய காற்றில்லையென்று உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில் அதை நாட்டினார்கள். ஊர்த் தேவைக்குப் போக மிகுந்த மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். காற்றில்லாத ஊர் காற்றைத் தேடிப் போய் உடைமையாக்கிற்று. காற்றின் நடுவே வாழும் ஊர்கள் கைகட்டி நிற்பது அழகா?

உப்பளத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. பாத்தியில் உப்பு விளைவது வெயிலால். பாத்திக்கு உவர்நீர் ஏறுவதற்கோ எண்ணெயும் மின்சாரமும் வேண்டியிருக்கின்றன. குஜராத்தில் சிறிய ரண் பிரதேசத்து உப்பளப் பெண்கள், சேவா சங்கத்தின் துணையோடு டீஸல் எஞ்சினை விட்டுச் சூரிய ஒளிப் பம்புகளுக்கு மாறினார்கள். எண்ணெய்க்குப் போய்க்கொண்டிருந்த காசு அவர்கள் குடும்பத்துக்கு மிஞ்சிற்று. அவர்களுக்கு வாய்த்த வெயில் நமக்கு வாய்க்கவில்லையா?

“பெரிய தேசங்கள் விடும் புகையின் முன் நம் ஊர் எம்மாத்திரம்?” என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இத்தகைய ஆட்சேபம் தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1906இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோதும், வெள்ளைக்காரக் கம்பெனியின் முன் இது நிற்குமா என்றார்கள். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், 10 லட்ச ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டார் அவர். இரண்டு கப்பல்கள் வந்தன. 1908இல் அவர் சிறை புகுந்தார். 1911இல் கம்பெனி கலைந்தது. அன்று எதிரே நின்றது அன்னிய ஏகாதிபத்தியம். இன்று எதிரே நிற்பது நம்முடைய சோம்பலே. உலகத்தின் புகையை நாம் ஒருவரே நிறுத்திவிட முடியாது, உண்மை. ஆனால் நம் கட்டணத்தைக் குறைப்பதற்கும், நம் வருமானத்தை நம் ஊரில் நிறுத்துவதற்கும், நம் பங்குப் பாவத்தை விலக்குவதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு வார்டும் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் தெருவிளக்குக்கும் நீர் இறைப்பதற்கும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதென்று முதலில் கணக்கெடுத்து ஊரறிய வாசிக்கட்டும். பழைய விளக்குகளையும் பழுதான பம்புகளையும் மாற்றி விரயத்தை நிறுத்தட்டும். சேமித்த யூனிட்டே மலிவான யூனிட். வசதியுள்ளோர் தங்கள் கூரையில் சூரியத் தகடுகளை அமைக்கட்டும். 2024இல் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதன் பின் பஞ்சாயத்துகள் கூடி, சிறு பங்குகள் சேர்த்து, ஒரு காற்றாலையையேனும் பொதுவுடைமையாக நிறுவட்டும். காற்று எல்லா மாதமும் ஒருபோல் வீசாது, இரவில் வெயில் இல்லை என்பன மெய்யே. அக்குறை மின்வாரியக் கம்பியால் தீரும்.

சுதேசிக் கப்பல் மிதந்த துறைமுகத்திலிருந்து சுதேசி மின்சாரம் எழ வேண்டும். பங்குப் பத்திரத்தில் முதல் கையெழுத்திடும் தெரு எது?