மதிப்பெண் வருகிறது, வாசிப்பு வருகிறதா?

சீனாவில் 2019-ம் ஆண்டு உயர்கல்வியில் சேர்ந்தவர்களை எண்ணிப் பார்த்தால், நான்காண்டுப் பட்டப் படிப்புக்குப் போனவர்களைவிட மூன்றாண்டுத் தொழிற்கல்லூரிகளுக்குப் போனவர்களே அதிகம். 48 லட்சம் பேருக்கு மேல். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் தொழிற்கல்லூரிகளில் கூடுதலாகப் பத்து லட்சம் பேரைச் சேர்க்கப் போவதாக அரசு அறிவித்திருந்தது. பள்ளி முடித்த பிள்ளைகளோடு ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், வேலை இழந்தவர்கள், கிராமத்தை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த தொழிலாளர்கள் என்று பலருக்கும் கதவு திறந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேலும் இருபது லட்சம் பேர் என்று இலக்கு நீண்டது.

இவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் பொதுப் பாடம். சி.என்.சி. இயந்திரம் ஓட்டப் படிப்பவராக இருக்கலாம், மின்சாரக் காரைப் பழுது பார்க்கப் படிப்பவராக இருக்கலாம், நர்சிங் படிப்பவராக இருக்கலாம். எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆங்கில வாசிப்புத் தேர்வில் உட்கார்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வு எதை அளக்கிறது? மூன்று மணி நேரம் உட்கார்ந்து அந்த வினாத்தாள்களைப் புரட்டுகிற எவருக்கும் இந்தக் கேள்வி வராமல் போகாது.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவ் பற்றி இங்கே ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் தொழிற்கல்லூரி மாணவர்களில் பலருடைய கதை அதற்கு முன்பே, பதினைந்து வயதில் எழுதும் ஜோங்காவ் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. அதில் மதிப்பெண் குறைந்தவர்கள் பொதுப்பாட மேல்நிலைப் பள்ளிக்குப் போக முடியாமல் தொழிற்பள்ளிக்குப் பிரிக்கப்படுகிறார்கள். பலரைப் பின்னுக்குத் தள்ளிய பாடங்களில் ஆங்கிலமும் ஒன்று. பத்தி ஒன்று, அதன் கீழே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ‘உனக்கு வராது’ என்று ஒரு பிள்ளையிடம் சொன்ன அதே மாதிரி வினாத்தாளைத்தான், அவன் பதினெட்டு வயதில் வேறு வாசல் வழியாக உள்ளே வந்த பிறகும் நீட்டுகிறார்கள்.

பொருந்தும் தேர்வும் மதிப்புள்ள தேர்வும்

சீனத் தொழிற்கல்லூரிகளுக்கென்றே ஓர் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. கல்லூரி நடைமுறை ஆங்கிலத் தேர்வு என்று அதற்குப் பெயர். ஏ, பி என்று இரண்டு நிலைகள். பி நிலைக்குச் சுமார் 2,500 சொற்கள், ஏ நிலைக்குச் சுமார் 3,400 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேர்ச்சி. நீண்ட காலம் நடந்த வடிவத்தில் வாசிப்புக்கு மட்டும் 35 மதிப்பெண், அதில் ஐந்து வேலைகள். முதல் இரண்டு வழக்கமான பத்தியும் நான்கு விடையும்தான். மூன்றாவதில் ஓர் அறிவிப்பையோ விளம்பரத்தையோ படித்து, அதிலுள்ள விவரங்களை மூன்று சொற்களுக்கு மிகாமல் படிவத்தில் நிரப்ப வேண்டும். நான்காவதில் ஆங்கிலக் கலைச்சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, சீனத்தில் தந்திருப்பவற்றுக்கு இணையானவற்றைப் பொறுக்கச் சொல்வார்கள். ஐந்தாவதில் ஒரு கடிதம் போன்ற ஏதாவது, அதற்குக் குறு விடைகள்.

வேலைக்குப் போகிறவன் கையில் வந்து விழும் தாள்கள் என்னென்ன என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கடிதம், அறிவிப்பு, கையேடு, படிவம். என் பார்வையில் மனிதர்களை மனதில் வைத்துத் தயாரித்த தேர்வு இது. குறைகள் உண்டு, ஆனால் திசை சரி.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சான்றிதழுக்கு வெளியே மதிப்பில்லை. வேலை கொடுப்பவர்கள் கேட்பது கல்லூரி ஆங்கில நான்காம் நிலைத் தேர்வை. அது 1987 முதல் பல்கலைக்கழக மாணவர்களுக்காக நடப்பது. மொத்தம் 710 மதிப்பெண், 425 வாங்கினால் எல்லோரும் அதைத் தேர்ச்சி என்றே பேசுகிறார்கள். சில தொழிற்கல்லூரிகள் தங்கள் மாணவர்களையும் இதை எழுத விடுகின்றன. சற்றே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுகிறார்கள். தொழிற்கல்லூரியிலிருந்து பட்டப் படிப்புக்குத் தாவும் ஜுவான்ஷெங்பென் தேர்விலும் பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலம் ஒரு தாள், அதுவும் பழைய அச்சில்தான். தொழிலுக்குப் பொருந்தும் தேர்வை யாரும் மதிப்பதில்லை. எல்லோரும் மதிக்கும் தேர்வு தொழிலுக்குப் பொருந்துவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் சிக்கியிருக்கிறார்கள்.

விடை தேடும் வித்தை

நான்காம் நிலைத் தேர்வின் வாசிப்புப் பகுதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நாற்பது நிமிடம், முப்பது கேள்விகள், மொத்த மதிப்பெண்ணில் 35 சதவிகிதம். முதல் பகுதியில் ஒரு பத்தியில் பத்து இடங்கள் காலியாக இருக்கும். கொடுத்திருக்கும் பதினைந்து சொற்களிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். இதற்கு 5 சதவிகிதம். அடுத்து ஒரு நீண்ட கட்டுரை, பத்து வாக்கியங்கள். எந்த வாக்கியம் எந்தப் பத்தியில் வருகிறது என்று இணைத்தால் 10 சதவிகிதம். கடைசியில் இரண்டு சிறு பத்திகள், பத்துக் கேள்விகள், நான்கு விடைகள். இதற்கு மட்டும் 20 சதவிகிதம்.

அதாவது கடைசிப் பகுதியில் ஒரு கேள்விக்கு 14.2 மதிப்பெண். பத்தியைப் பார்க்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கும் விடை குறித்தால்கூட சராசரியாக இரண்டரை கேள்வி சரியாகிவிடும், 35 மதிப்பெண் கைக்கு வந்துவிடும். வாக்கியத்துக்குள் இறங்கி, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, எதற்கு எது பொருந்தும் என்று நிஜமாகவே படிக்க வேண்டியிருப்பது முதல் பகுதியில்தான். அதற்கு ஒரு கேள்விக்கு மூன்றரை மதிப்பெண்தான். அதனால் பயிற்சி ஆசிரியர்கள் சொல்லித் தரும் முதல் பாடமே, அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளு, நேரம் இருந்தால் பார்த்துக்கொள் என்பதுதான்.

அவர்கள் சொல்லித் தருவது இன்னும் உண்டு. பத்தியைப் படிக்காதே, கேள்வியை முதலில் படி. கேள்வியிலுள்ள பெயரையோ எண்ணையோ பத்தியில் தேடு. கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வரும், அதனால் மூன்றாம் கேள்விக்கான விடை இரண்டாம் கேள்விக்குக் கீழேதான் இருக்கும். பத்தியின் சொற்களை அப்படியே தூக்கி வைத்திருக்கும் விடை பொறி, அதையே வேறு சொல்லில் சொல்வது சரியான விடை. ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று அடித்துச் சொல்லும் விடையைத் தவிர். இந்த வித்தைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஆசிரியர் சொல்லித் தருவார். நம் ஊரில் லைசென்ஸுக்கு எட்டுப் போட மட்டுமே பழகிவிட்டு வண்டியோடு சாலைக்கு வருகிறவர்களை நாம் பார்க்காததா?

ஒரு பெட்டியும் ஒரு வாக்கியமும்

இதில் என்னை உறுத்துவது மதிப்பெண் கணக்கு மட்டுமாக இருந்தால் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் பெட்டி ஒன்று. அதன் கையேட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துப் பத்து நிமிடம் ஆன பிறகே முன்மூடியைக் கழற்ற வேண்டும். காரணம், உள்ளேயுள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். இதைத் தேர்வுக் கேள்வியாக்கினால் எப்படி இருக்கும்? ‘எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும்? ஐந்து, பத்து, பதினைந்து, முப்பது.’ பத்தியில் இருப்பதே ஒரே ஓர் எண்தான். மாணவர் கண்ணை ஓட்டி அந்தப் பத்தைக் கண்டுபிடிப்பார், குறிப்பார், முழு மதிப்பெண். மூடியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் நிற்க வேண்டுமா, நின்ற பிறகு கழற்ற வேண்டுமா என்பது அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தேர்வுக்குத் தெரியாது. வேலை செய்யும் இடத்தில் அது ஒன்றுதான் முக்கியம்.

இங்கே மொழியின் கட்டமைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் தலைகீழாக வரும். மூடியைக் கழற்றாதே என்பது முதலில், எதுவரை என்பது கடைசியில். சீனத்தில் முதலில் நடப்பதை முதலில் சொல்வதுதான் இயல்பு. தமிழிலும் அப்படித்தான், ‘இணைப்பைத் துண்டித்து, பத்து நிமிடம் பொறுத்து, மூடியைக் கழற்று.’ அதேபோல ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்று அடைமொழியைப் பெயருக்கு முன்னால் வைப்பதிலும் சீனமும் தமிழும் ஒன்று. ஆங்கிலம் பெயரைச் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். நீண்ட வாக்கியமானால் எந்த வால்வை மூடச் சொல்கிறது, எதைத் திறந்து வைக்கச் சொல்கிறது என்பதிலேயே தடுமாற்றம். சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரிந்த மாணவர்கூட இந்த இடத்தில் கவிழ்ந்துவிடுகிறார். இந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்கும்படியான கேள்வி தாளில் கிடையாது.

சொல்லின் எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். மார்செல்லா ஹு, பால் நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் ஒரு கதைப் பத்தியை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து சொற்களுக்கு ஒன்று தெரியாமல் போனால் யாருக்குமே போதுமான அளவு புரியவில்லை. துணையில்லாமல் நன்றாகப் புரிய நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். 2,500 சொற்களோடு ஒரு தொழிற்சாலைக் கையேட்டைத் திறக்கும் பிள்ளையின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேஸ்கெட், டார்க், பேரிங் எல்லாம் அந்தப் பொதுப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் சொற்கள்.

விடையைச் சீனத்திலேயே எழுதவிட்டால் என்ன? ‘நீ படித்ததை உன் மொழியில் சொல்’ என்று கேட்பதை வாசிப்பை அளக்கும் முறையாக மொழித் தேர்வு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். புரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராத பிள்ளை அதில் தப்பிப்பார். புரியாமலே வித்தையால் விடை குறித்தவர் மாட்டிக்கொள்வார். பிரிட்டிஷ் ஆய்வாளர் சார்லஸ் ஆல்டர்சன் 1984-லேயே கேட்டுவிட்டார், வேற்றுமொழியில் ஒருவர் படிக்கத் திணறினால் அது வாசிப்பின் குறையா, மொழியின் குறையா என்று. இரண்டும் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல. எது என்று தெரியாமல் ஒரு மதிப்பெண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது மாணவருக்குச் செய்யும் அநியாயம். நாற்பது வயதில் ராணுவத்திலிருந்து வந்தவரும், தொழிற்பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இது இன்னும் பெரிய அநியாயம்.

லட்சக்கணக்கான தாள்களை இயந்திரம்தான் திருத்த முடியும், அதில்தான் பாரபட்சம் இருக்காது என்பார்கள். கைபேசியைக் காட்டினால் கையேடே மொழிபெயர்ந்துவிடுகிறதே என்பவர்களும் உண்டு. முதல் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன். மொழிபெயர்ப்பு தப்பாக வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் மூலத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லை தாண்டும் தொழிற்கல்வி

இது சீனத்து வகுப்பறைக்குள் முடிந்துவிடும் விஷயமும் இல்லை. லூபன் பட்டறை என்ற பெயரில் சீனா தன் தொழிற்கல்வியை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகிறது. முதல் பட்டறை 2016-ல் தாய்லாந்தின் அயுத்தயாவில் திறந்தது. 2017 டிசம்பரில் நம் சென்னையிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்று திறந்தார்கள். தியான்ஜின் நகரத்துத் தொழிற்கல்லூரிகள்தான் அதற்குப் பொறுப்பு. இந்தோனேசியாவில் 2023-ல் ஓடத் தொடங்கிய ஜகார்த்தா–பாண்டுங் அதிவேக ரயிலும் சீனத் தொழில்நுட்பத்தில் உருவானதுதான். இப்படிப்பட்ட இடங்களில் சீன டெக்னீஷியனும் உள்ளூர்க்காரரும் நடுவில் வைத்துப் பேசும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்தத் தாளை இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும் என்பதில் நமக்கும் அக்கறை இருக்கிறது.

சீன அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2018-ல் ஆங்கிலத் திறனுக்கென்று ஒன்பது நிலைகள் கொண்ட தேசிய அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒருவரால் ஆங்கிலத்தில் என்ன செய்ய முடியும் என்று அது விவரிக்கிறது. 2021-ல் தொழிற்கல்லூரிகளுக்கான ஆங்கிலப் பாடத் தரம் வந்தது. அதில் வேலையிடத்தில் பிறமொழியில் பழகும் திறனை முக்கிய நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. வினாத்தாள் மாறாதவரை மாணவர் அந்த ஆவணத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கப் போவதில்லை.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் ஜுவான்ஷெங்பென் தாள் என்று நினைக்கிறேன். தேசியத் தேர்வை அசைப்பது கடினம், ஆனால் இதை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே நடத்துகிறது. ஒரே ஒரு மாகாணம் துணியட்டும். ஆங்கிலக் கையேட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் சீனத்தில் எழுதச் சொல்லி இருபது மதிப்பெண் வைக்கட்டும். பயிற்சி நிலையங்கள் அடுத்த பருவத்திலேயே கையேடுகளை வாங்கி அடுக்கிவிடும், அவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. திருத்த ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் எந்தக் கல்லூரியிலும் பணிமனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மூடியை எப்போது கழற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆங்கில ஆசிரியரோடு அவர்களையும் திருத்தும் மேசையில் உட்கார வைத்தால் வேலை நடந்துவிடும்.