நீ யாரு மவன்லே?

திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் புதுப் பையன் ஒருவன் தெருவுக்குள் நுழைந்தால், திண்ணையில் இருக்கும் பெரியவர் அவன் பெயரைக் கேட்க மாட்டார். "ஏலே, நீ யாரு மவன்லே?" என்பதுதான் முதல் கேள்வி. வீடு தெரிந்துவிட்டால் மீதியை அவரே சொல்லிவிடுவார்: எத்தனை பிள்ளைகள், எந்த வாய்க்காலில் பாசனம், தாத்தா யாரோடு வழக்காடினார் என்பது வரை.

லினக்ஸ் இயங்குதளமும் இப்படித்தான். யுஎஸ்பி துளையில் எதைச் செருகினாலும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, முதலில் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கும். ஒன்று தயாரித்த நிறுவனத்துடையது, வீட்டுப்பெயர் மாதிரி. மற்றது, அந்த வீட்டில் இது எந்தப் பிள்ளை என்பது. (இன்டெல்லின் வீட்டு எண் 8086. 1978இல் அது வெளியிட்ட பெயர்பெற்ற சில்லின் எண்ணையே வைத்துக்கொண்டுவிட்டது.) டிரைவர் என்பது கருவியை இயக்கத் தெரிந்த நிரல். வைஃபை போன்ற கருவிகளின் டிரைவர் ஒவ்வொன்றிடமும் தனக்குத் தெரிந்த பிள்ளைகளின் பட்டியல் ஒன்று உண்டு. எண்கள் அதில் இருந்தால் டிரைவர் வேலையைத் தொடங்கும். இல்லையென்றால் கருவி மின்சாரம் குடித்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. பல வருடம் உழைத்து அதன் வைஃபை ஓய்ந்த பிறகு, நெல்லை ஜங்ஷனில் யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கி வந்தேன். நண்பர் வீட்டில் அதே பெயர், அதே அட்டைப்பெட்டி, நன்றாக ஓடுகிறது. என்னுடையது ஓடவில்லை. மலிவுக் கருவிகளில் இது சகஜம்: பெட்டி மாறாது, உள்ளே சில்லு மாறிவிடும், எண்ணும் மாறிவிடும்.

என் டாங்கிளில் இருந்தது கர்னலுக்கு நன்றாகவே பழக்கமான சில்லு. எண் மட்டும்தான் புதிது. இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரிடம், "இவனும் உன் வீட்டுப் பிள்ளைதான்" என்று இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்துவிடலாம். கர்னலை மறுபடி தொகுக்கத் தேவையில்லை. கொடுத்தேன், வைஃபை வந்தது. பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, எந்தக் கருவியில் சோதித்தேன் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு அனுப்பினால் உலகத்துக்கே அது சேர்ந்துவிடும். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று உறுதி சொல்லும் இந்தக் கையொப்ப வழக்கம் 2004இல் வந்தது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கர்னல் வெளியாகிறது; அந்த வரியும் அதில் வந்துவிடும். ஆனால் அனுப்பும் பெருமை எனக்குக் கிடைக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் முன்பே அனுப்பிவிட்டிருந்தார். என் கர்னல்தான் பழசு.

டிரைவரே இல்லாத கருவி என்றால் கதை வேறு. பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு ஒரு காலத்தில் திறந்த லினக்ஸ் டிரைவரும் இல்லை, சில்லின் விவரக் குறிப்பும் வெளியில் இல்லை. தன்னார்வலர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஒரு அணி, நிறுவனத்தின் மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்தது. அந்த மூடிய நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு அணி, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. காப்பியடித்தார்கள் என்று நாளை யாரும் நீதிமன்றம் இழுக்கக் கூடாதே! 2006இல் அது கர்னலில் சேர்ந்தது. 2010இல் பிராட்காமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது.

சில கருவிகள் கேட்டாலும் வாய் திறக்காது. சிறு பலகைகளில் பற்றவைத்த சில்லுகள் பலவும் அந்த ரகம். அவற்றுக்காக ஒருவர் உட்கார்ந்து, எந்த முகவரியில் எது இருக்கிறது, அதற்கு எந்த டிரைவர் என்று ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். சர்வே எண் வாரியாக யார் பயிர் செய்கிறார், என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் இருக்கும் அடங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். அடங்கலில் ஒரு எண் தப்பினால் வரப்புத் தகராறு. இங்கே தப்பினால் பலகை கண்ணே திறக்காது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலி இந்த வேலையின் பெரிய வடிவம். 2018இல் அதன் சில்லு ஒன்று லினக்ஸை ஓட்டிக் காட்டியது. புதுச் செயலி என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்திருக்கும். ஆனால் சக்தி பேசுவது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளை மொழி. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்த மொழியை 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் கர்னல் ஏற்றுக்கொண்டது. அதே மொழிக்காக டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து, உடைந்ததைத் திருத்தி, மறுபடி தொகுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல்தான் அது முழு உரிமையுள்ள பிள்ளையாகச் சேர்ந்தது.

இதில் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் கையில் கருவி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. ஜெர்மனியில் இருக்கும் ஒரு பராமரிப்பாளரைவிட, ஒரு டாங்கிள் மேசையில் கிடக்கும் பாளையங்கோட்டை மாணவருக்குத்தான் அங்கே மதிப்பு. சோதித்தவர் பெயரைத் தனி வரியாகவே குறிப்பார்கள்.

கருவியை வைத்துச் சோதிக்க ஆள் குறைந்தால் பட்டியலிலிருந்து அதன் பெயர் வெட்டுப்படுவதும் உண்டு. இட்டானியம் செயலி 2024இல் வெளியான கர்னலில் அப்படிப் போனது. சில சமயம் பராமரிப்புச் சுமையே காரணமாகிவிடும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 செயலியில்தான். 2012 டிசம்பரில் அதற்கான ஆதரவை நீக்கும் மாற்றத்தை அனுப்பிய கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார், பழைய 386 இனி எழாதே என்று கொஞ்சம் மூக்கை உறிஞ்சினார். டோர்வால்ட்ஸோ தனக்கு அப்படி உருக்கம் ஒன்றும் கிடையாது, தொலையட்டும் என்று சேர்த்துக்கொண்டார். நம்மூர் ஆச்சியாக இருந்தால், பிறந்த வீட்டை இடித்ததற்கு ஒரு மாதம் புலம்பியிருப்பாள்.